வெள்ளிக்கிழமை மட்டும் விக்கும் பிளசர்

அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் கொல்லயில் கிராமத்தில் தாணுபிள்ளை சாரின் கார் ஷெட்டில் இருந்தவர்கள்: தாணுபிள்ளை சார், அவர் மனைவி கோமதியம்மா, மெக்கானிக் ஞானதாஸ் அண்ணன், நான். ஐந்தாவதாகக் கார்.

இல்லாதவர் ஒருவர்தான். சாரின் மகன் சிவசு அண்ணன். அவர் பெங்களூரில் இருந்தார். ஆனால் முந்தைய வாரம் அவர் போனில் சொன்ன வார்த்தை ஷெட்டுக்குள் எங்களோடு நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, ரெண்டு டெஸ்ட்டுல தோத்தாச்சு. வாற திங்கக்கிழமையும் தோத்தா, பனச்சமூட்டு ஆக்கர்க்காரன் லாரி கொண்டு வருவான், பழைய இரும்பு வெலைக்கு எடுத்துக்கிடுவான். நான் பேசி வச்சாச்சு. செரியா?"

சார் அன்றைக்கு ஏதோ ஞாபகத்தில் "செரி மக்கா" என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. கருவூலத்தில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். "செரின்னு எழுதின ஃபைலைத் திருப்பி வாங்கப்பிடாது" என்று ஷெட்டில் அவரே சொன்னார். சொல்லிவிட்டுக் காரின் மட்கார்டைத் தடவினார். நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்தோம்.

பழைய கார்களுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டுமென்றால் பரிசோதனை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். முதல் தடவை சரிவில் ஏறும்போது கார் நாலு தடவை விக்கி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை நிற்கவில்லை. விக்கி விக்கிப் புகை கக்கியது. புகை அளக்கும் குழாயைப் பிடித்திருந்த பையன் இருமிக்கொண்டே ஓடினான்.

மூன்றாவதற்கு இரண்டு நாள் இருந்தது.

தேங்காய் விழுந்த இடம்

எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளசர். தாணுபிள்ளை சாரின் அப்பா வாங்கிய பிளசர் அது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே அதில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகாத பெண் அவர்கள் குடும்பத்தில் இல்லை என்பார்கள். பிரசவத்துக்குப் போனவர்களும் உண்டு. சிவசு அண்ணனே அதன் பின்சீட்டில் பிறந்திருக்க வேண்டியவர். ஆஸ்பத்திரி வாசல் சமயத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனது நான்தான் முதல். அப்பா தேங்காய் வெட்டுகிறவர். சாரின் தோப்பில் வருடக்கணக்காக ஏறியிருக்கிறார். அதனால் பிளசரைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் கூரைதான். "நல்ல வெண்ணெக் கலராக்கும். மேல இடது பக்கத்துல ஒரு சொட்டை உண்டு. அது நான் போட்ட தேங்கா" என்பார். இந்தச் சொட்டை எப்படி வந்தது என்று சாருக்கு இன்றுவரை தெரியாது. இந்த வாரப் பத்தியைப் படித்ததும் தெரிந்துவிடும்.

சொருவ இடமில்லை

சென்ற வாரம் நான் ஆட்டோமொபைல் டிப்ளமா வாங்கிய கதையைச் சொன்னேன். வாங்கி என்ன செய்தாய் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நெய்யாற்றின்கரையில் ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். அங்கே கார் வந்தால் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருவுவோம். என்ன கோளாறு என்று கம்ப்யூட்டர் சொல்லும். நாங்கள் ஆமாம் சொல்லுவோம்.

அந்தச் சனிக்கிழமை பழக்கதோஷத்தில் அந்த ஸ்கேனரைப் பையில் கொண்டுபோயிருந்தேன். தாஸ் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிளசரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"டிப்ளமா, இதுல எங்கிணலே சொருவுவே?"

"இல்லண்ணே, சும்மா கொண்டாந்தேன்."

"சும்மா கொண்டாந்ததா? நான் நெனச்சேன், சாருக்குப் பிரஷர் பாக்கக் கொண்டாந்ததாக்கும்னு."

கோமதியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சார் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரஷரும் பாக்குமா மக்கா?" என்று உண்மையாகவே கேட்டார்.

ஸ்கேனரைப் பைக்குள் வைத்தேன். பைக்குள்ளிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தேன்.

இரண்டு வணக்கங்கள்

நோட்டில் என்ன எழுதினேன் என்பதற்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும்.

தாஸ் அண்ணன் மிஷன் கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். எந்த வண்டியின் பானட்டைத் திறக்கும் முன்னும் கண்ணை மூடி அரை நிமிடம் ஜெபம் செய்வார். அந்த அரை நிமிடத்தில் தாணுபிள்ளை சார் அசைய மாட்டார். குடையைக்கூடத் தரையில் ஊன்ற மாட்டார். ஒருமுறை அந்நேரம் பார்த்துக் காக்கை கத்தியதற்கு அதைக் கையால் அதட்டியிருக்கிறார்.

சார் சிவபக்தர். வெள்ளிக்கிழமை, பிரதோஷம், நல்ல காரியத்துக்குப் புறப்படும் நாள் என்று வந்தால் பிளசருக்குப் பூஜை உண்டு. அந்த நேரம் தாஸ் அண்ணன் அங்கே இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டி நிற்பார். திருநீறு எடுக்க மாட்டார். பாளையங்கோடன் வாழைப்பழம் கொடுத்தால் இரண்டாக எடுத்துக்கொள்வார்.

இருபது வருடமாக இருவருக்கும் நடுவே இப்படித்தான். ஒருவர் சாமியை ஒருவர் இடறாமல் நடக்கிற நடை. எங்கள் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்லுவார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த மரியாதை ஒரு காரை எப்படி விக்க வைக்கும் என்று அன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

மழைக்கு விக்காத வண்டி

கார் விக்குவது என்றால் இதுதான்: நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறி போக வேண்டும். ஏதாவது ஒன்றுக்கு முறை தப்பினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். மெக்கானிக்குகள் 'மிஸ் அடிக்குது' என்பார்கள். கோமதியம்மாதான் அதை விக்கல் என்றார்.

"என்னண்ணே கோளாறு?" என்று தாஸ் அண்ணனிடம் கேட்டேன்.

"ஈரம்" என்றார்.

"இருவது வருஷமா ஈரம்" என்றார் சார். "ஈரம்னு சொன்னதுனால ஷெட்டுக்கு ஓடு மாத்தினேன். பானட்டுக்குள்ள பல்பு எரிய விட்டேன். காயிலு மூணு மாத்தியாச்சு. பிளக்கு, பாயிண்டு, கண்டென்சர் ஒண்ணும் பாக்கி இல்ல. தாசுக்க வர்க்ஷாப்புக்குக் கொண்டு போனா வண்டி பாட்டுப் பாடும். வீட்டுக்கு வந்து நாலு நாள் கழிஞ்சா விக்கல்."

"எந்தெந்த நாள் விக்கிச்சு, சொல்லுங்க சாரே" என்று நோட்டைத் திறந்தேன்.

கருவூலக் கிளார்க்கின் ஞாபகம். வரிசையாகச் சொன்னார். திருவாதிரைக்கு நெய்யாற்றின்கரை போகும்போது. கள்ளிக்காட்டில் மச்சினன் வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகும்போது. ஒரு பிரதோஷம். ஐந்தாறு வெள்ளிக்கிழமை. இரண்டு டெஸ்ட்டு.

"விக்காத நாள்?"

இதைக் கோமதியம்மா சொன்னார். "எனக்கு நெஞ்சு வலிச்ச அண்ணைக்கு. என்ன மழை! ரோட்டுல முட்டளவு வெள்ளம். ஒரு விக்கல் உண்டா? ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டு நிறுத்திச்சே."

நான் எழுதுவதை நிறுத்தினேன். முழங்காலளவு வெள்ளத்தில் விக்காத வண்டி வெள்ளிக்கிழமை வெயிலில் விக்குமா? ஈரம்தான் காரணம் என்றால் இந்த ஈரம் வானத்திலிருந்து வரவில்லை.

தாஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஷெட்டின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை

"சாரே, திங்கக்கிழமை காலையில என்னெல்லாம் செய்வீங்களோ, அதை அப்படியே இப்பம் செய்யணும்" என்றேன். "ஒண்ணும் விடாண்டாம்."

"பூஜையுமா?"

"எல்லாம்."

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. படித்த பையன் பூஜை கேட்கிறான். உள்ளே போய்க் குளித்துவிட்டுத் தோளில் நேரியல் துண்டோடு வந்தார். முதலில் காரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். அன்று காலைதான் வர்க்ஷாப்பிலிருந்து வந்த கார் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. பானட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தேன். ஓரத்தில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அணைத்தோம்.

பூஜை தொடங்கியது. பம்பரில் சந்தனம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பிறகு திறந்திருந்த பானட்டுக்குள் குனிந்தார்.

எஞ்சினின் பக்கவாட்டில் டிஸ்டிரிபியூட்டர் என்று ஒன்று இருக்கிறது. நாலு சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பங்கு வைக்கிற உறுப்பு. அதன் மேல் கறுப்பாக, உருண்டையாக ஒரு மூடி. உச்சியில் ஒரு மேடு. சிவபக்தி உள்ள கண்ணால் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றும். எனக்கே ஒரு நொடி தோன்றியது.

சார் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்தார். மூன்று விரலால் அந்த மூடியின் மேல் நிறுத்தி நிதானமாக மூன்று கோடு இழுத்தார். சொம்பிலிருந்து பன்னீர் எடுத்துத் தெளித்தார். கற்பூரத்தை மட்டும் தள்ளி நின்று காட்டினார். பெட்ரோல் இருக்கிறதே என்ற ஜாக்கிரதை.

"மொதல் டெஸ்ட்டுக்கு மூணு கோடுதான் போட்டேன்" என்றார் வருத்தமாக. "அது போதல்லபோல. ரெண்டாவது டெஸ்ட்டுக்கு முழுக்கப் பூசினேன். அதும் போதல்ல."

தாஸ் அண்ணன் செருப்பில்லாமல் கைகட்டி நின்றார். பழத்தை வாங்கினார். அன்றைக்கு ஒன்றுதான் எடுத்தார்.

சாவியைத் திருப்பினோம். பிளசர் விக்கியது. தம்ளர் தண்ணீர் பாதி வெளியே வந்தது.

தார்ப்பாய்க்குள்

"தார்ப்பாய் உண்டா அம்மா?"

நெல் காயப்போடும் தடித்த தார்ப்பாய் ஒன்று வந்தது. அதைத் திறந்த பானட்டின் மேல் போட்டு உள்ளே இருட்டாக்கினேன். சாரின் நேரியலைக் கழற்றி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். உள்ளே காற்றாடி சுற்றுகிறது; நேரியலைப் பிடித்தால் சாரையும் பிடிக்கும். பிறகு நானும் சாரும் பழைய போட்டோகிராபர்களைப் போலத் தார்ப்பாய்க்குள் தலையை விட்டோம்.

எங்கள் பின்பக்கங்கள் மட்டும் வெளியே. "இத சிவசுக்குப் போட்டோ எடுத்து அனுப்பணும்" என்று அம்மா சொல்வது கேட்டது.

இருட்டு கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் தெரிந்தது. மூடியின் மேல், அந்த மூன்று கோட்டிலும், மெல்லிய நீலப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோட்டில் ஏறி, அடுத்ததில் தாவி, ஓரத்திலிருந்த இரும்புக் கிளிப்பில் போய் இறங்கியது. ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் கார் ஒரு விக்கல் விக்கியது.

சார் என் காதருகே மெதுவாகச் சொன்னார்.

"மக்கா... ஜோதி."

பொறி மறுபடி ஓடியது.

"பாத்தியாலே? என்னப்பன் இதுக்குள்ள இருக்கான். அறுபது வருஷமா இருந்திருக்கான். நான் அறியல்ல."

நான் படித்த மூன்று வருடத்தில் இதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை. பல்லை இறுகக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"சாரே, அது ஜோதி இல்ல. லீக்கு."

தாஸ் அண்ணனின் துணி

வெளியே வந்தோம். எஞ்சினை அணைத்தேன். குழைத்த திருநீறும் பன்னீரும் சேர்ந்தால் கம்பி மாதிரி ஆகிவிடும். சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டு வழியாக இரும்புக்குப் போய்விடுகிறது என்று சொன்னேன். காய்ந்த பிறகு கொஞ்சம் அடங்கும், காலை ஈரத்தில் மறுபடி எழும்பும். வெள்ளம் புகுந்த நாளில் மூடி துடைத்துச் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். சொல்லி முடித்தபோது என் சட்டை நனைந்திருந்தது.

பையிலிருந்து ஒரு துணியை எடுத்தேன்.

"ஒரு தடவ... துடைக்கட்டுமா சாரே?"

"எத?"

"நெத்தியில இருக்கதையா கேக்கான்?" என்றார் கோமதியம்மா. "மூடியில உள்ளத. துடைக்கட்டும். துடைச்சாத் தெரிஞ்சுபோவுமே."

துடைத்தேன். ஸ்டார்ட் செய்தேன். விக்கல் முக்கால்வாசி போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தபோது அதில் பென்சிலால் கீறியது போல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. பொறி ஓடி ஓடி எரித்த வழி. அது துடைத்தால் போகாது; கொஞ்சம் ஈரம் பட்டால் மறுபடி விழித்துக்கொள்ளும்.

சார் மூடியைப் பார்க்கவில்லை. தாஸ் அண்ணனைப் பார்த்தார்.

"தாசே. மூடி சுத்தமா இருந்திருக்கணும்னு பய சொல்லுதானே. அத ஆரு சுத்தமாக்கினது?"

தாஸ் அண்ணன் செருப்பைப் போட்டார். மறுபடி கழற்றினார்.

"நான்தான் சாரே. வண்டி வர்க்ஷாப்புக்கு வந்தா, ஒரு சாய குடிச்சிட்டு வாங்கன்னு உங்களை அனுப்புவேன்லா? அப்பம் பெட்ரோல் துணியால ஒரு துடை. அவ்வளவுதான். வண்டி செரியாயிடும்."

"எத்தன வருஷமா?"

"உங்களுக்கு நான் வண்டி பாக்கத் தொடங்கின அண்ணையில இருந்து."

"பின்ன ஏன்லே ஒரு வார்த்த மிண்டல்ல? காயிலு மூணு மாத்தினேனே!"

"மாத்தாண்டாம்னு சொன்னா காரணம் சொல்லணும் சாரே. நான் மிஷன் கோவிலுக்குப் போறவன். உங்க திருநீறுதான் கோளாறுன்னு என் வாயால எப்பிடிச் சொல்லுவேன்? நாளைக்கு ஊருல என்ன பேசுவினும்? ஈரம்னு சொன்னேன். பொய் சொல்லல்ல. ஈரந்தானே?"

தோப்பில் எங்கோ ஒரு ஓலை விழுந்தது.

சார் நடந்து தாஸ் அண்ணனிடம் போனார். நான் கொஞ்சம் பயந்தேன்.

"இருவது வருஷம்" என்றார். "நான் பூச, நீ துடைக்க. நான் பூச, நீ துடைக்க. எலே, நம்ம ரெண்டு பேருக்கும் இடையில கெடந்து அந்த வண்டி என்ன பாடு பட்டிருக்கும்!"

முதலில் சிரித்தது கோமதியம்மா. அப்புறம் தாஸ் அண்ணன். சார் கடைசியாகச் சிரித்தார், ஆனால் நிறுத்த அவருக்குத்தான் அதிக நேரம் ஆனது. ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் முகம் மறுபடி வாடியது. "ஆனா மக்கா, ஒண்ணும் பூசாம எப்பிடி வண்டிய எறக்க? அதும் டெஸ்ட்டுக்கு?"

அதுதான் கஷ்டமான கேள்வி. நான் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தேன். மேலே தட்டையாக, வட்டமாக, தகரத்தில் ஏர் ஃபில்டர் இருந்தது. பன்னீரை அண்டாவோடு ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"இதுல பூசுங்க சாரே."

"இது ஆரு?"

"வண்டி மூச்சு இழுக்க இடம்."

சார் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிராணன்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "கேட்டியா தாசே, நான் இத்தன நாள் பூசினதே எடம் மாறிப்போச்சு."

"ஆமா சாரே" என்றார் தாஸ் அண்ணன். மற்றப் பழத்தையும் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை

அன்று மத்தியானமே திருவனந்தபுரம் போய்ப் பழைய பார்ட்ஸ் விற்கும் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு மூடி வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே வெள்ளை வேட்டியோடு வந்து தாஸ் அண்ணன் அதை மாட்டினார்.

திங்கட்கிழமை காலை பூஜை குறைவில்லாமல் நடந்தது. பிராணனுக்குப் பட்டை, பொட்டு, பன்னீர் எல்லாம். மைதானத்தில் சரிவு ஏறும்போது சார் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியில் விரலெல்லாம் வெளுத்திருந்தது. நானும் தாஸ் அண்ணனும் வேலிக்கு வெளியே நின்றோம். பிளசர் ஏறியது. மேலே நின்றது. இறங்கியது. புகை அளக்கும் பையன் முன்னெச்சரிக்கையாக மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். அளந்தான். கையை எடுத்தான். மறுபடி அளந்தான்.

இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து பார்த்து, "இதென்ன, ஏர் ஃபில்டருக்குத் திருநீறு?" என்றார்.

"அது அவனுக்கு ஒத்துக்கிடும் சாரே" என்றார் தாணுபிள்ளை சார். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சிவசு அண்ணனுக்குப் போன் போட்டார்கள். லாரி வேண்டாம் என்று சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "கடைசியில எவ்வளவு ஆச்சுப்பா?"

சார் என்னைப் பார்த்தார். மூடி அறுநூற்றைம்பது, பஸ் கூலி எழுபத்திரண்டு என்று சொன்னேன். நானும் தாஸ் அண்ணனும் கூலி வாங்கவில்லை.

"எழுநூத்தி இருவத்திரெண்டு" என்றார் சார்.

சிவசு அண்ணன் அதோடு விடவில்லை. "அப்பம் அந்தக் காயிலு, பிளக்கு, ஷெட்டு ஓடு எல்லாம்? முப்பத்தெட்டாயிரம் ஆச்சுன்னு சொன்னீங்களே? அது எதுக்குப் போச்சு?"

சார் தாஸ் அண்ணனைப் பார்த்தார். தாஸ் அண்ணன் சாரைப் பார்த்தார். போனைக் கோமதியம்மா வாங்கினார்.

"அது மரியாதைக்குப் போச்சு மக்கா."

ஆக, மரியாதையும் மூடியும் சேர்த்து, முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபத்திரண்டு ரூபாய்.